கிளையோடு கிளை தொடும் இடம்

இரவில் காட்டோரம் நடப்பவர்கள் முதலில் பழக வேண்டியது கண்களைப் பிரித்தறிவது. டார்ச் வெளிச்சம் பட்டதும் முழங்கால் உயரத்தில் பச்சையாக மின்னினால் அநேகமாக நாய், அல்லது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஆடு. மண்பாதை நடுவே செம்மஞ்சளாக ஒளிர்ந்து, கிட்டே போனதும் ஓசையே இல்லாமல் எழும்பிப் பறந்தால் பக்கி. புல்லுக்குள் ஊசிமுனை அளவில் பொறிப்பொறியாகத் தெரிந்தால் சிலந்திகள். இவை எதுவும் இல்லாமல், முள்ளுக்குள் தலை உயரத்தில் இரண்டு செம்புள்ளிகள் நெருங்கி அமைந்து, நேராக நம்மையே நோக்கினால் அது தேவாங்கு. பார்த்தேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதற்குள் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புள்ளிகள் அணைந்துபோகும். எதிரே இருப்பது மறுபடி வெறும் உசிலை மரம்தான்.

அந்தக் கண்களைத் தேடித்தான் என் முப்பதுகளின் பெரும்பகுதி இரவுகள் திண்டுக்கல் மாவட்டத்தின் வேலியோரங்களில் போயின. கேமரா வைத்திருந்த நண்பர்கள் முதுமலைக்கும் பரம்பிக்குளத்துக்கும் போனார்கள். யானையும் காட்டெருதும் அவர்கள் படங்களில் கம்பீரமாக நின்றன. எனக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் கால் கிலோவை ஒட்டிய எடையே உள்ள, வால் இல்லாத, ஒரு சாண் நீளத்துக்குச் சற்றே மேற்பட்ட ஒரு பிராணி நம் ஊர் வேலியிலேயே வாழ்ந்துகொண்டிருக்க, அதை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்காமல் இருக்கிறோமே என்ற எண்ணம் அந்த ஆசையை விடப் பெரிதாக இருந்தது.

அய்யலூரை வெளியூர்க்காரர்கள் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையாலும் தக்காளியாலும் அறிவார்கள். குரங்கினங்களை ஆராய்பவர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்தால் பழக்கம். 1990களின் பிற்பகுதியில் ஆன் நெக்காரிஸ் என்ற ஆய்வாளர் இந்த ஊரை ஒட்டிய கரட்டுக் காட்டில் மாதக்கணக்கில், இரவு முழுக்கத் தேவாங்குகளின் பின்னால் நடந்தார். அதுவரை புத்தகங்களில் தேவாங்கு என்றால் தனியாகத் திரிவது, மந்தமானது, தன் இனத்தோடே ஒட்டாதது. அவர் பார்த்துப் பதிவு செய்தது வேறு. பகலில் அடர்ந்த முள்ளுக்குள் சில தேவாங்குகள் சேர்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உறங்கும். இருட்டியதும் ஒன்றின் ரோமத்தை மற்றொன்று நாவாலும் பல்லாலும் நீவிவிட்ட பிறகுதான் இரை தேடப் பிரியும். இரவில் தூரத்தில் இருப்பவற்றுக்குச் சீழ்க்கைக் குரலில் தன் இருப்பைத் தெரிவிக்கும். தின்பது பெரும்பாலும் பூச்சி, அதிலும் எறும்பும் கறையானும் நிறைய. 2001 முதல் வெளிவந்த அவருடைய கட்டுரைகளில் சிலவற்றைப் படித்த பிறகுதான் நான் அய்யலூருக்குப் பஸ் ஏறினேன். நம் வீட்டுக் கொல்லையில் இருந்ததைப் பற்றி எவ்வளவு தொலைவிலிருந்து வந்த ஒருவர் எவ்வளவு பொறுமையாகத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார் என்ற வியப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை.

அங்கே காடு என்று போய் நின்றால் காடு தெரியாது. பாறைக் கரடுகள், அவற்றின் சரிவில் உசிலை, வெள்வேல், காரை, சூரைமுள், நடுநடுவே ஆளுயரக் கள்ளி. சித்திரையில் எல்லாம் சாம்பல் நிறம். கரட்டின் அடிவாரம் முடிகிற இடத்தில் கொழிஞ்சி முளைத்த தரிசு, பிறகு கிணற்றுத் தோட்டம், மொச்சை, சோளம், புளியமரம். காப்புக்காட்டுக்குள் இரவில் போக வனத்துறை அனுமதி வேண்டும். அது சரியான விதி. நான் நடந்ததெல்லாம் ஊராட்சிச் சாலையிலும் வண்டிப்பாதையிலும், உரியவர்களைக் கேட்டுக்கொண்டு அவர்கள் நிலத்து வேலியோரமும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. தேவாங்குக்குப் பட்டா நிலமும் காப்புக்காடும் ஒன்றுதான்.

எனக்கு வழி காட்டியவர் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். இரண்டு ஏக்கர் மானாவாரியும் நாற்பது ஐம்பது ஆடுகளும் அவருக்கு. நான் முதல் சில இரவுகளில் டார்ச்சை மரத்து உச்சிகளில் அடித்துக்கொண்டு போவதைத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறார். ஒருநாள் எழுந்து கூடவே வந்தார்.

“எதைத் தேடுறீங்க தம்பி?”

“தேவாங்குங்கய்யா.”

“அது உச்சாணிக் கொம்புல எதுக்கு இருக்கப் போகுது? வேலியோரமாப் பிடிச்சுக்கிட்டே வாங்க. அது போறதும் வர்றதும் வேலியிலதான்.”

அந்த ஒரு சொல் என் தேடலையே மாற்றியது. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. மற்றக் குரங்குகளைப் போலக் கிளையை விட்டுக் கிளைக்கு எம்பிப் பாயும் உடல் அதற்கு இல்லை. பின்னங்கால்கள் ஒரு கிளையைப் பற்றியிருக்க, உடம்பை முழுதாக நீட்டி, முன்கைகள் அடுத்த கிளையைப் பிடித்த பிறகே பின்னங்கால் பிடியை விடும். நீட்டினால் எட்டும் தூரம்வரைதான் அதன் உலகம். ஆகவே கிளையோடு கிளை தொடும் இடமாகப் பார்த்து நின்றால் போதும். கிளுவை வேலி கரட்டுச் சரிவின் உசிலையைத் தொடும் முனை, புளியமரத்தின் தாழ்ந்த கிளை வேலியின் மேல் படியும் இடம், இரண்டு வேலிகள் சேரும் மூலை. பெரியவர் இந்த மாதிரி இடங்களை மனதில் வரிசையாக வைத்திருந்தார். நான் பிறகு ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டேன்.

படம் எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ளாஷ் கூடாது என்பதில் எனக்கு ஆரம்பத்திலேயே உறுதி இருந்தது. முகத்தில் பாதியே கண்ணாக உள்ள உயிர் அது. நட்சத்திர வெளிச்சத்தில் எறும்பைப் பொறுக்கும் கண். அதற்கு நேராக ஃப்ளாஷ் அடித்தால் கொஞ்ச நேரம் கிளைகூடத் தெரியாது; அந்தக் கொஞ்ச நேரம் ஆந்தைக்குப் போதும். இரவு விலங்குகளின் கண் சிவப்பு வெளிச்சத்தைக் குறைவாகவே உணரும் என்பதால் தேவாங்கைப் பின்தொடரும் ஆய்வாளர்கள் சிவப்பு விளக்கையே பயன்படுத்துகிறார்கள். நானும் ஹெட்லைட்டின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டேன். வெள்ளை டார்ச் பாம்புக்காகத் தரையில் மட்டும்.

சிவப்பு விளக்கில் மனிதக் கண்ணுக்கு ஓரளவு தெரிவதும் கேமராவுக்குத் தெரிவதில்லை. சென்சாரில் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பை வாங்கும். இரண்டு பச்சைக்கும் ஒன்று நீலத்துக்கும் உரியவை. அந்த மூன்றுக்கும் இருட்டு. காட்சி இருட்டாக இருக்கிறது என்று மீட்டர் நினைத்துக்கொண்டு இன்னும் ஒளி கேட்கும். அது கேட்டபடி கொடுத்தால் சிவப்பு மட்டும் வழிந்து, ரோமமெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி நிற்காது. கடைசியில் நான் வந்து சேர்ந்த வழி இது: ஃபோகஸ் கையால், திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு, கேமரா மோனோபாடில், வீட்டுக்கு வந்ததும் சிவப்பை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளை. தேவாங்கு பயந்தால் ஓடாது, அப்படியே உறையும். முப்பதில் ஒரு பங்கு நொடிக்கு அது தாராளமாகக் கொடுக்கும். ஆனால் பயந்து உறைந்த தேவாங்கின் படம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. தன் வேலையைத் தான் பார்க்கும் தேவாங்கை எடுக்க வேண்டும் என்றால் அது நம்மை ஒரு பொருட்டாக நினைக்காத வரைக்கும் நிற்க வேண்டும். நிற்பதுதான் வேலையில் பெரும்பகுதி. பெரியவர் நிற்பதில் கெட்டிக்காரர். ஆட்டோடு வாழ்ந்தவருக்கு அது இயல்பாக வந்தது.

ஐப்பசியில் மழை விட்ட ஓர் இரவு. வேலியும் உசிலையும் சேரும் மூலையில் இருவரும் நின்றிருந்தோம். தவளைச் சத்தம் காதை அடைத்தது. முதலில் தெரிந்தது கண் இல்லை, கை. கிளுவைக் கிளை ஒன்றை ஒரு சிறு கை மேலிருந்து வந்து பற்றியது. கட்டைவிரல் ஒருபுறம், மற்ற விரல்கள் எதிர்ப்புறம். ஆள்காட்டி விரல் மட்டும் குட்டையாக, இருந்தும் இல்லாததுபோல. மணிக்கட்டு என் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். பற்றிய கை பற்றியபடியே இருந்தது. உடம்பு அதன் பின்னால் வெகு நிதானமாக வந்தது. அதன் கை கால்களில் ரத்தக்குழாய்கள் நுண்ணிய இழைகளாகப் பிரிந்து ஓடுவதால் மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்தாலும் சதை மரத்துப் போகாது என்று படித்திருக்கிறேன். அதை அருகில் பார்க்கும்போது புரிந்தது: இந்தப் பிராணி நடப்பதே ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குப் போவதுதான்.

கிளையில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. அது குனிந்து, ஈர மூக்கைக் கிளையோடு வைத்து முகர்ந்து, ஒவ்வொன்றாக நாவால் எடுத்தது. கடித்த எறும்பைக் கையால் வழித்துவிட்டது. பிறகு சட்டென்று நிமிர்ந்தது. நான் பார்க்காத ஒரு விட்டில் பக்கத்துக் கொப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. தேவாங்கு பின்னங்கால்களில் மட்டும் தொற்றிக்கொண்டு உடம்பை மெல்ல மெல்லக் காற்றில் நீட்டியது. அவ்வளவு நேரமும் இருந்த நிதானம் கடைசிக் கணத்தில் காணாமல் போனது. இரண்டு கைகளும் ஒன்றாகப் பாய்ந்து விட்டிலை மூடின. தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. தின்னும்போது கண்களை மூடிக்கொண்டது. இறக்கை ஒன்று உதிர்ந்து வேலிக்குள் விழுந்தது.

நான் ஷட்டரை அழுத்தியது அந்த நீட்டலின்போது. சட்டத்தின் ஒரு ஓரத்தில் இரண்டு பாதங்கள் கிளையை இறுக்கியிருக்கின்றன. மறு ஓரத்தில் இரண்டு உள்ளங்கைகள் விரிந்திருக்கின்றன. நடுவில் மெலிந்த உடம்பு ஒரு கோடாக நிற்கிறது. என்னிடம் உள்ள படங்களில் அதுதான் தேவாங்கைப் பற்றிய உண்மையைச் சொல்லும் படம் என்று நினைக்கிறேன். முகம் அதில் பாதிதான் தெரிகிறது. பத்திரிகைக்காரர்கள் அதை விட்டுவிட்டுக் கண் இரண்டும் தெரியும் படத்தைத்தான் கேட்பார்கள்.

எடுக்காத படம் ஒன்றும் உண்டு. தாய்த் தேவாங்கு குட்டிகளைச் சில வாரம் வயிற்றில் சுமந்து திரியும். அதன் பிறகு இருட்டியதும் ஒரு கிளையில் அவற்றை விட்டுவிட்டு இரை தேடப் போய், விடிவதற்குள் திரும்ப வந்து எடுத்துக்கொள்ளும். இடையில் கூட்டத்தின் மற்றவை வந்து பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. ஒருமுறை அப்படி விடப்பட்ட குட்டி ஒன்று என் மார்பு உயரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. கொப்பை நான்கு கைகால்களாலும் அணைத்திருந்தது. நகரவில்லை, நகரக் கூடாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. அதைவிடச் சுலபமான படம் அந்தக் காட்டில் கிடைக்காது. பெரியவர் தன் டார்ச்சை அணைத்தார். நானும் ஹெட்லைட்டை அணைத்தேன். நாம் நிற்கும்வரை தாய் வராது. குட்டி விலகிப் போகவும் முடியாது. விலகிப் போக முடியாத உயிரைப் படம் எடுப்பதில்லை என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வந்த வழியே தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பினோம்.

இந்தப் பிராணிக்கு நாம் செய்ததை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒல்லியாக, முழித்துப் பார்க்கும் பிள்ளையைத் ‘தேவாங்கு மாதிரி’ என்று திட்டுகிறோம். காலையில் அதன் முகத்தில் விழித்தால் ஆகாது என்கிறோம். அதன் கண்ணில் கண்நோய்க்கு மருந்து இருக்கிறது, வசியத்துக்கு மை இருக்கிறது என்று சொல்லிப் பிடித்துக் கொன்றிருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குக் கொடுத்த அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பைத் தேவாங்குக்கும் கொடுக்கிறது, பிடிப்பதே குற்றம். அய்யலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது அது தெரியும். வேலியில் பார்த்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்கிறார்கள். பயிரைத் தின்னும் பூச்சியை அது தின்கிறது என்பதைப் பெரியவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள்.

2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. செய்தியைப் படித்த அன்று பெரியவருக்குப் போன் செய்தேன். “நம்ம கரடும் அதுல வருதா தம்பி?” என்று கேட்டார். அவர் ஆடு மேய்க்கும் கரடு வருகிறது. அவர் தோட்டமும் வேலியும் வராது.

வேலிதான் என் கவலை. நான் அங்கே போக ஆரம்பித்த காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கிளுவையும் திருகுகள்ளியும் நின்றன. பிரண்டையும் கோவைக்கொடியும் அவற்றின் மேல் படர்ந்திருந்தன. இப்போது ஜேசிபி வைத்து ஒரே காலையில் வாரிவிட்டு, கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்துவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. உயிர்வேலி ஆறடி நிலத்தைத் தின்னும், வருடம் ஒருமுறை வெட்டிவிட ஆள் கிடைப்பதில்லை, ஆடு நுழையும். ஆனால் கம்பியில் எறும்புச் சாரை இல்லை, பகலில் உறங்க முள்ளடைப்பு இல்லை. வேலி போன இடத்தில் தேவாங்கு தரையில் இறங்குகிறது. தரையில் அது தடுமாறி நடக்கும். நாய் உண்டு, பைக் உண்டு. விடிகாலையில் ஊராட்சிச் சாலையில் ஒன்றைப் பார்த்தேன். இருபுறமும் வேலி நன்றாகத்தான் இருந்தது. நடுவில் சாலையை அகலப்படுத்தியதில் மேலே கவிந்திருந்த புளியங்கிளைகளை வெட்டியிருந்தார்கள். அந்தத் தாரை அது கடக்கப் பார்த்திருக்கிறது. அதைப் படம் எடுத்தேன். அந்தப் படத்தையும் வெட்டிய கிளைகளின் படத்தையும் மனுவோடு இணைத்து அதிகாரிகளிடம் கொடுத்தேன். இனி வேலைக்கு முன் கிளைகளைப் பார்த்து வெட்டச் சொல்வதாகச் சொன்னார்கள்.

அதிலிருந்து என் கேமராவில் தேவாங்கு குறைந்து வேலிகள் கூடிவிட்டன. பகலில் நடந்து, எந்தத் தோட்டத்தில் எத்தனை அடி இடைவெளி, எந்தக் கிளை எதைத் தொடுகிறது என்று எடுக்கிறேன். தேவாங்குப் படங்களில் ஊர்ப் பெயருக்கு மேல் எதையும் சொல்வதில்லை; கேமராவில் ஜிபிஎஸ்ஸை அணைத்தே வைத்திருக்கிறேன். ஊரைச் சொல்லலாம், மரத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் மறுவாரமே வெள்ளை டார்ச்சோடு நாலு வண்டி வந்து நிற்கும். வருபவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு வர வேண்டும் என்பதில்லை, பத்துப் பேர் ஆசையோடு அடிக்கும் வெளிச்சமே அதற்கு அதிகம்.

விட்டில் பிடிக்கும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தில் பின்னால் தெரியும் கிளுவையைத்தான் முதலில் அடையாளம் கண்டார். “இது நம்ம கிழக்கு வேலியில்ல?” என்றார். அந்த வருடம் அவர் மகன் கம்பி வேலி போடப் பணம் அனுப்பியிருந்தான். பெரியவர் மூன்று பக்கம் கம்பி போட்டார். கரட்டை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் மட்டும் கல்லுக்காலை ஆறடி உள்ளே தள்ளி நட்டுக் கிளுவையை அப்படியே விட்டுவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வேலியை எடுத்துவிட்டதால் அந்த முனையில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வெட்டவெளி விழுந்தது. மழைக்கு முன்னால் அதன் இரு ஓரத்திலும் கிளுவைப் போத்து நட்டோம். பாதியை ஆடு கடித்தது, மிச்சம் தளிர்த்திருக்கிறது. கிளைகள் நெருங்க இன்னும் சில வருடம் ஆகும் என்பதால், வண்டிக்கு மேலே இடிக்காத உயரத்தில் இரண்டு மூங்கிலைச் சேர்த்து இந்த வேலிக்கும் அந்தப் பக்கத்து உசிலைக்கும் குறுக்கே கட்டி வைத்திருக்கிறார். கயிறு நைந்தால் மாற்றுகிறார். அதன் மேல் தேவாங்கு போனதை நான் பார்த்ததில்லை. தான் பார்த்ததாக அவர் சொல்கிறார், பௌர்ணமி கழிந்து வாங்க என்கிறார்.